போர்ட்டிக்சனில் உடைந்தது, எர்ணாவூரில் கூடியது

2023 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, வலது காலில் மாவுக்கட்டோடு வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெருமுனையில் வந்து இறங்கினேன். டாக்ஸிக் கதவைத் திறந்து அக்குள் கட்டையை வெளியே நீட்டியதுதான் தாமதம், டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வந்தது: "இன்னா மச்சான், எந்த ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி வுயுந்த?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நான்கு வாரத்தில் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

வழுக்கி விழுந்தது என்னவோ நிஜம். ஆனால் மலேசியாவில், போர்ட்டிக்சன் கடற்கரையில். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டரை வருடம் சமையல் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் தனியாக இருந்துகொண்டு, நின்றே செய்கிற வேலை செய்பவனுக்குக் கால் உடைந்தால் என்னென்ன ஆகும் என்று போவதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான்கைந்து தப்பையாவது தவிர்த்திருப்பேன். நான் டாக்டர் இல்லை. என் காலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் காலுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

போர்ட்டிக்சன் கோலாலம்பூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். மலாக்கா நீரிணையின் கரை. நம் எண்ணூர் கடல் மாதிரி அடிக்காது, ஏரி மாதிரி கிடக்கும். சனி ஞாயிறு தலைநகரத்துக் கூட்டம் மொத்தமும் தெலுக் கெமாங் கரைக்கு வந்துவிடும் என்பதால் எங்களுக்கு விடுமுறை வாரநாளில்தான். 2023 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை. கூடத் தங்கியிருந்த நாகப்பட்டினத்துத் தம்பி ஒருவன் தூண்டில் போடக் கூப்பிட்டான். தஞ்சோங் துவான் முனையில் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதற்குக் கீழே, தண்ணீர் வற்றும் நேரத்தில் பாறைகள் வெளியே தெரியும். பாசி பிடித்திருந்தது. "பாத்து வாங்கண்ணே" என்றான். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் மேல் சின்ன வயசிலிருந்து ஓடி வளர்ந்தவனுக்கா நீ சொல்கிறாய் என்று ரப்பர் செருப்போடு ஒரு தாவு தாவினேன்.

முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். சாம்பாருக்கு தினமும் கேட்கிற சத்தம் என்பதால் உடனே புரிந்துவிட்டது.

அந்தத் தம்பி செய்த முதல் நல்ல காரியம், என்னைத் தூக்கி நிறுத்திப் பார்க்காதது. "எழுந்து நடந்து பாரு, சுளுக்கா இருக்கும்" என்று சொல்வதுதான் நம் வழக்கம். அவன் என்னை உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர வைத்து மணலுக்குக் கொண்டுவந்தான். தூண்டில் சாமான் வைத்திருந்த பால் டின் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கணுக்காலைச் சுற்றி மடக்கி, துண்டால் மேலும் கீழும் கட்டினான். உடைந்த இடத்தின் மேல் கட்டவில்லை. விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தான். ஐஸ் கேட்டு ஓடினான். படகு வேலை செய்தவன், யாரிடமோ கற்றுக்கொண்டிருக்கிறான். ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி, கால் மணி நேரம் வைத்து எடுத்தால் போதும்.

தப்பு என் பக்கம். கரையில் கடை போட்டிருந்த அக்கா ஒருத்தர், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பாவம் என்று ஒரு கிளாஸ் மைலோ கொடுத்தார். மடமடவென்று குடித்துவிட்டேன். மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வியே "கடைசியா எப்ப சாப்ட்டீங்க?" என்பதுதான். மயக்கம் கொடுத்து எலும்பை இழுத்து வைக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். எலும்பு உடைந்தது என்று தெரிந்தால், டாக்டர் பார்க்கும் வரை வாயில் எதுவும் போடாதீர்கள். யார் எவ்வளவு பாசமாகக் கொடுத்தாலும் சரி.

அடுத்த தப்பு, எங்கே போவது என்று தெரியாமல் போனது. 999 கூப்பிட்டிருந்தால் அரசு ஆம்புலன்ஸ் வந்திருக்கும். கார் கிடைத்ததே என்று பக்கத்திலிருந்த தனியார் இடத்துக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பு உடைந்து கொஞ்சம் விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், இவ்வளவு முன்பணம் என்றார்கள். அந்தத் தொகை என் ஐந்து மாதச் சம்பளம். என் சட்டைப் பையில் இன்ஷூரன்ஸ் அட்டை இருந்தது. ஸ்பிக்பா என்பார்கள், வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி எடுத்துக் கொடுக்கும் காப்பீடு. அது அரசு மருத்துவமனைக்குத்தான் என்பது அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டரை வருடம் பர்ஸில் கிடந்த அட்டை, ஒரு நாள் கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. அரை நாளும் எக்ஸ்ரே காசும் போனதுதான் மிச்சம்.

இதில் இன்னொரு சங்கதி. மலேசியாவில் 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்கேசோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக்காயத் திட்டத்தில் வருகிறார்கள். கடையில் எண்ணெய் சிந்தி விழுந்திருந்தால் அதில் வந்திருக்கும். வேலைக்குப் போகும் வழியில் விழுந்திருந்தாலும் கேட்டிருக்கலாம். விடுமுறையில் தூண்டில் போடப் போய் விழுந்தவனுக்கு அதில் இடமில்லை. நம் அரசாங்கத்தின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று ஒன்று உண்டு: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் கிடைக்கும். அது இசிஆர் பாஸ்போர்ட்காரர்களுக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியவர்களுக்குத்தான் கட்டாயம். நான் பத்தாவது பாஸ், பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை இல்லை, அதனால் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. படித்ததனால் வந்த வினை என்று அக்கா கிண்டல் செய்வாள். கிளம்பும் முன் மூன்று கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் காப்பீடு எந்த மருத்துவமனையில் செல்லும், வேலை நேரத்துக்கு மட்டுமா, முன்பணம் யார் கட்டுவது.

அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே புறநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். வெளிநாட்டுக்காரனுக்குக் கணக்கே வேறு. அட்டை இருந்ததால் பிழைத்தேன். அன்றைக்கே ஆபரேஷன் இருக்கும் என்று நினைத்தால், ஒரு வாரம் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுக்கச் சொன்னார்கள். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. அந்த வீக்கத்தின் மேல் கத்தி வைத்தால் தையல் பிரியும், புண் ஆறாது. தினமும் காலையில் டாக்டர் வந்து கணுக்கால் தோலை இரண்டு விரலால் லேசாகச் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். சுருக்கம் விழவில்லை என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஏழாம் நாள் தோலில் சின்னச் சின்னக் கோடுகள் விழுந்தன, ஆறிப்போன பால் மேல் ஆடை சுருங்குகிற மாதிரி. "நாளைக்கு இல்ல, இன்னைக்கே" என்று நர்ஸ் வந்து சொன்னார். 17ஆம் தேதி தகடும் ஆறு திருகாணியும் உள்ளே போயின.

அந்த ஒரு வாரம்தான் மொத்தக் கதையிலும் மோசமான காலம். வலிக்கு மாத்திரை இருந்தது. வேலைக்குப் போகிற பையன்கள் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வர முடியும். மலாய் எனக்குச் சமையலறை அளவுக்குத்தான் தெரியும். வெங்காயம், உப்பு, சீக்கிரம், போதும். பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெரியவர் என் காலைக் காட்டி "சிமென்? சிமென்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டடத்துக்குப் போடுகிற சிமெண்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாவுக்கட்டுக்கு அவர்கள் வார்த்தை அது. அம்மாவிடம் வீடியோ கால் பேசும்போது முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்து, கால் சுளுக்கிக்கொண்டது, லீவில் இருக்கிறேன் என்று ஒன்பது நாள் ஓட்டினேன். பத்தாம் நாள் பின்னால் சுவரில் சாய்த்திருந்த அக்குள் கட்டை தெரிந்துவிட்டது. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. "இன்னும் எதெல்லாம் மறைச்சினு இருக்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அழுதிருக்கலாம். அம்மாவுக்குச் சொல்ல மனசு வராவிட்டால் சரி, வீட்டில் யாராவது ஒருவருக்கு முதல் நாளே முழு விவரமும் தெரிய வேண்டும். கையெழுத்து, பணம், டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. நான் அக்காவிடம் ஐந்தாம் நாள்தான் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மைலோ கொடுத்த கடற்கரைக் கடை அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கில் சூப் கொண்டுவந்தார். "குடிச்சிரு தம்பி, ஹருவான் மீனு லா. ஆபரேசன் செஞ்சவங்களுக்கு இங்க எல்லாரும் இதான் குடுப்பாங்க." இஞ்சி போட்டு, காரம் இல்லாமல், தெளிவாக இருக்கும். ஹருவான் என்னவோ ஏதோ என்று இருந்தேன், ஊருக்கு வந்தபிறகு படத்தைப் பார்த்தால் நம் விரால். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் அங்கே அந்த நம்பிக்கை உண்டு. புரதம் உள்ளே போனால் நல்லதுதானே. ஒரு சமையல்காரனுக்கு இன்னொருவர் சமைத்து எடுத்துவருவது எப்படியிருக்கும் என்று அப்போது தெரிந்தது. அதற்கு மேல் சொன்னால் சினிமா மாதிரி ஆகிவிடும்.

சம்பள விஷயம் சுருக்கமாக. அங்கே எம்சி என்பது உயிர். டாக்டர் கொடுக்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு. இரண்டு வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்குள் சர்வீஸ் என்றால் வருடத்துக்கு 18 நாள் சம்பளத்தோடு. மருத்துவமனையில் சேரும்படி ஆனால் 60 நாள் வரை. ஒவ்வொரு நாளுக்கும் சீட்டு இருக்க வேண்டும். நடுவில் இரண்டு நாளுக்குச் சீட்டு வாங்க விட்டுப்போனது, அந்த இரண்டு நாள் சம்பளமும் போனது. என் பாஸ்போர்ட் முதலாளியின் மேசை லாச்சியில் இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். கொடுக்காத இடங்களும் உண்டு என்று கூட இருந்த பையன்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாஸ்போர்ட், பெர்மிட், காப்பீட்டு அட்டை மூன்றையும் போட்டோ எடுத்து போனிலும் ஊரில் ஒருவரிடமும் வைத்திருங்கள். மருத்துவமனையில் சேர்த்தபோது அந்தப் போட்டோவைக் காட்டித்தான் எழுதினார்கள்.

தங்கியிருந்த அறை கடைக்கு மேலே, பதினெட்டுப் படி. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று உட்கார்ந்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினேன். அசிங்கமாக இருந்தது. ஆனால் கட்டையோடு படியேறப் பழகும் வரை அதைவிடப் பத்திரமான வழி இல்லை. பழகியபின் கணக்கு இதுதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் உடைந்த காலும் முதலில். அக்குள் கட்டை என்று பேர்தானே தவிர அக்குளில் பாரம் போடக் கூடாது. இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும், பாரம் முழுக்க உள்ளங்கையில். நான் முதல் வாரம் அக்குளில் தொங்கிக்கொண்டே நடந்து, சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போய், இது வேறா என்று பயந்துபோனேன். கட்டையின் உயரத்தை ஒரு துளை இறக்கி வைத்ததும் இரண்டு நாளில் சரியானது. அப்புறம் மணல். கடற்கரை ஊரில் எங்கே பார்த்தாலும் மணல். கட்டை உள்ளே இறங்கும், இல்லை டைல்ஸ் மேல் ஒட்டியிருக்கும் மணலில் வழுக்கும். கீழே உள்ள ரப்பரை வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, ஈரம் போகத் தட்டுங்கள்.

நவம்பர் 5ஆம் தேதி விமானம். ஆபரேஷன் முடிந்து பத்தொன்பது நாள். இப்போது யோசித்தால் இரண்டு வாரம் பொறுத்து வந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. கால் அவ்வளவு அவசரப்படவில்லை. அந்த அறையின் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியாமல் ஓடிவந்தேன். காலில் ஆபரேஷன் ஆகி, அசைக்காமல் வைத்திருக்கும்போது ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்தே பயணம் செய்தால் அது கூடும். டாக்டர் சம்மதித்தார், வயிற்றுத் தோலில் போடுகிற ஊசி எழுதிக்கொடுத்தார், முழுக்கட்டு வேண்டாம், விமானத்தில் கால் வீங்கினால் இடம் வேண்டும் என்று அரைக்கட்டு போட்டு அனுப்பினார். பறக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் விமான நிலையம் போகாதீர்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று அவசரக் கதவுப் பக்கத்து சீட்டைக் கேட்டேன், கட்டை வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது. நடைபாதை ஓர சீட்தான் கிடைத்தது. நாலு மணி நேரமும் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தேன்.

ஊரில் அம்மா எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஆட்டுக்கால் வாங்கியாயிற்று, நண்டு சொல்லி வைத்தாயிற்று, புத்தூர் கட்டு போடுகிறவரிடமும் பேசியாயிற்று. பெரிய சண்டை. "அங்க கீறி இரும்ப வெச்சிக்கிறானுங்க, நம்ம கட்டு போட்டா ஒரு மண்டலத்துல ஓடுவ" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. உள்ளே தகடு வைத்த கால் மேல் மூங்கில் தப்பை வைத்து இறுக்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சாதாரண விரிசலுக்குக் கட்டிக்கொண்டு குணமானவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எலும்பு விலகியிருக்கிறதா என்று படம் பார்க்காமல் கட்டுவதும், இறுக்கத்தில் விரல் கறுக்கும்போது "அப்படித்தான் இருக்கும்" என்று விடுவதும் காலையே கொண்டுபோய்விடும். அம்மாவைச் சமாதானப்படுத்த முட்டையின் வெள்ளைக்கருவைக் கட்டில் தடவுவதற்குப் பதில் வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டேன். தினம் இரண்டு.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சமையல்காரனாக ஒரு வார்த்தை. ஆட்டுக்கால் சூப் ருசிக்கும் தெம்புக்கும் குடியுங்கள். எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் சுண்ணாம்புச் சத்து அந்தத் தண்ணீரில் பெரிதாக இறங்குவதில்லை. முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலியிலும் கேழ்வரகிலும்தான் அது இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். காலையில் கூழ், மதியம் நெத்திலிக் கருவாடு, எங்கள் வீட்டுக்கு இது புதுசா என்ன. சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று இரண்டு ஊர் டாக்டர்களும் ஒரே மாதிரி சொன்னார்கள். விட்டேன். திரும்பத் தொடங்கிவிட்டேனா என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் பின்பக்கம், இந்தியன் டைப். கால் உடைந்தவனுக்கு உலகத்திலேயே பெரிய தூரம் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவில் இருப்பதுதான். மருமான் உற்சாகமாக பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கொடுத்தான். முதல் நாளே ஈரத்தில் அதன் கால் விரிந்து, சுவரைப் பிடித்துத் தப்பித்தேன். அன்றைக்கே சர்ஜிகல் கடையிலிருந்து நாலு கால்களிலும் ரப்பர் போட்ட இரும்பு ஸ்டூல் வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் முன் வீட்டாரை முதலில் தயார் செய்யச் சொல்ல வேண்டியது இதைத்தான். சூப்பெல்லாம் அப்புறம். குளியலுக்கு இன்னொரு ஸ்டூல். கட்டின் மேல் ஒரு துண்டு, அதன் மேல் இரண்டு பாலிதீன் கவர், மேல் விளிம்பில் டேப். ரப்பர் பேண்ட் இறுக்கிப் போட்டு ஒரு தடவை விரல் நீலமாகிவிட்டது.

கட்டுக்குள் அரிப்பு எடுத்தபோது செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தோசைக் கரண்டியின் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்தேன். சொர்க்கம். மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே விரல் நீளத்துக்குக் கீறல், தையல் தழும்புக்கு அரை அங்குலம் தள்ளி. சீழ் பிடித்திருந்தால் தகட்டையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் திட்டினார். அரித்தால் கட்டின் மேலே தட்டுங்கள், மின்விசிறிக்கு நேராக நீட்டுங்கள்.

திட்டியவர் ஸ்டான்லி டாக்டர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். நான் கொண்டுபோனது போனில் எடுத்த எக்ஸ்ரே திரையின் போட்டோ. அங்கே எல்லாம் கம்ப்யூட்டரில், பிலிம் கையில் தருவதில்லை, கேட்டால் சிடியில் போட்டுத் தருவார்கள். கேட்கத் தோன்றவில்லை. உள்ளே இருப்பது ஸ்டீலா டைட்டானியமா, என்ன அளவு என்று கேட்டார், முழித்தேன். ஆபரேஷன் குறிப்பும் சிடியும் வாங்காமல் எந்த நாட்டை விட்டும் கிளம்பாதீர்கள். பின்னால் தகட்டை எடுக்க வேண்டியிருந்தால் எந்தத் திருப்புளி என்று தெரிய வேண்டுமே. போக்குவரத்துக்கு மெட்ரோதான் கைகொடுத்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் காலை நீட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. விம்கோ நகர் வரை ஆட்டோ, அங்கிருந்து லிஃப்டில் ஏறி வண்ணாரப்பேட்டை. 2021இல்தான் அந்த வழி திறந்தது, என் காலுக்காகவே திறந்த மாதிரி.

நவம்பர் கடைசியில் பாதி பாரம் வைக்கலாம் என்றார்கள். காலால் எழுத்து எழுதும் பயிற்சி கொடுத்தார்கள். ஆங்கில எழுத்தை எழுதச் சொன்னார்கள், எனக்கு அ, ஆவன்னாதான் சரிப்பட்டது. காற்றில் பெருவிரலால் எழுத வேண்டும். 'ட' சுலபம். 'ஐ' வரும்போது கணுக்காலில் கம்பி இழுக்கிற மாதிரி இருக்கும். 'ழ'வை முழுசாக முடிக்க மூன்று வாரம் ஆனது.

அந்த நேரத்தில்தான் டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து, மேலே நானும் அம்மாவும் அரிசி மூட்டையும். தண்ணீரோடு கறுப்பாக எண்ணெய் வந்தது. கழிமுகமெல்லாம் எண்ணெய் என்று பிறகு பேப்பரில் வந்தது. சுவரில் இன்றைக்கும் அந்தக் கோடு இருக்கிறது. எண்ணெய் பட்ட தரையில் அக்குள் கட்டை என்பது பனிச்சறுக்குக் கட்டை மாதிரிதான். இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி ஃபைபர் படகில் வைத்தார்கள். தையல் ஆறியிருந்தது அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரில் காலை வைக்கவே கூடாது. முகாமில் எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தார்கள், வாங்கிப் போட்டுக்கொண்டேன். கட்டையின் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிட்டது. எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தும் வழுக்கியது, புது ரப்பர் மாட்டும் வரை நடக்கவில்லை.

வீடு கழுவிக் காயும் வரை இருக்கலாம் என்று பெரியகுப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும்போது கண் எரிச்சலில் விழித்தேன். தொண்டையில் மிளகாய் நெடி மாதிரி, ஆனால் அது இல்லை. தெருவில் கதவு கதவாகத் தட்டினார்கள். கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்திருந்தது. பாதித் தூக்கத்தில் என் கட்டையைக் காணவில்லை. குழந்தை விளையாடி வேறு அறையில் போட்டிருந்தது. அதைத் தேடிய அந்த ஒரு நிமிஷத்தை மறக்க மாட்டேன். துண்டை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டோம், அமோனியா தண்ணீரில் கரையும், கொஞ்சம் தாங்கும். மருமான் பைக்கில் என்னை உட்கார வைத்து, கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திருவொற்றியூர் பக்கம் போனோம். சாலை முழுக்க ஜனம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு. அன்றிலிருந்து கட்டை, செருப்பு, போன், எக்ஸ்ரே பை நான்கும் படுக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான். கால் சரியான பிறகும் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருந்தேன்.

வேலை போயிற்று. ஜனவரியில் கடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பெர்மிட் காலம் முடிவதற்குள் நின்று சமைக்கும் அளவுக்குக் கால் தேறவில்லை. இப்போது திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு மெஸ்ஸில் இருக்கிறேன். பத்து மணி நேரம் நின்றால் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். தகடு உள்ளேயேதான் இருக்கிறது.

அந்தக் கட்டைகளை வெள்ளம் வடிந்த அடுத்த மாதம் காசிமேட்டில் வலை இழுக்கும்போது முட்டி பிசகிய ஒருவருக்குக் கொடுத்தேன். அவரிடமிருந்து அவர் மாமியாருக்கு, அங்கிருந்து அடுத்த தெருவுக்கு. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் ஒரு பெரியம்மா அதை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். எண்ணெய்க் கறை அப்படியே இருந்ததால் அடையாளம் தெரிந்தது. கீழே யாரோ புது ரப்பர் மாட்டியிருந்தார்கள்.